கேரவன் நான்கின் ஜெனரேட்டர்

பராமரிப்புப் பதிவு
எழுதுபவர்: பிரமநாயகி, குளிர்காலக் காவல்

குளிர்நாள் 0. மாலை 4:30. வெளியே −11.

இருந்தவர்கள்: என் கணவர் உலகநாதன், மெக்கானிக். அவர் தம்பி சிதம்பரம், நில அளவையாளர். எங்கள் மகள் வடிவு, ஒன்பது வயது. நான். வேறு யாரும் இல்லை.

பெட்ரோல் ஜெனரேட்டரைக் குளிர்காலத்துக்கு மூடும் வேலை தொடங்கியது. பழைய ஆயிலைச் சூட்டோடு வடித்துப் புதியது ஒன்றரை லிட்டர். ஏர் ஃபில்டர் மாற்றியது. டாங்க் விளிம்பு வரை. காலியாக விட்டால் உள்ளே வியர்த்துத் துரு பிடிக்கும். பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றும் மருந்து அறுபது மில்லி. மருந்து கார்புரேட்டர் வரை இறங்கப் பத்து நிமிடம் ஓட்டுதல்: டிக்.

ஊர் நாட்காட்டிப்படி இன்று ஆயுத பூஜை. ஜெனரேட்டருக்கும் ஸ்பேனர்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினேன். இந்தக் கோளுக்கு வந்து நான்காவது பூஜை.

குளிர்நாள் 1. காலை 9:00. −29.

இரவோடு இரவாகக் குளிர் இறங்கிவிட்டது. காலை ஆறு மணிக்கே மூவரும் தூக்கப் பெட்டிக்குள் போனார்கள். பெட்டி 1 கணவர், 2 சிதம்பரம், 3 வடிவு. நாள் 214 வரை தூக்கம். மின்சாரம் வண்டிக்கு அடியில் இருக்கும் வெப்பக்கலத்திலிருந்து. அது நின்றால் ஜெனரேட்டர்.

பட்டியலில் மீதியை நானே முடித்தேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்தேன். பிளக்கைத் திரும்ப மாட்டினேன். புகைக்குழாய் வாயைத் துணியால் அடைத்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். கையேட்டைப் படித்துத்தான் இவ்வளவும் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை.

குளிர்நாள் 41. மதியம் 12:20. −52.

வெள்ளிக்கிழமை. விளக்கேற்றினேன், பெட்டிகளுக்குத் திருநீறு பூசினேன். மூன்று பெட்டியும் சரி.

நண்பகலில் கால் மணி நேரம் ரேடியோ திறந்திருக்கும். அறுபது கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கேரவன் ஏழில் காவலாக இருப்பவள் ஆவுடை, சிதம்பரத்தின் மனைவி, என் ஓரகத்தி. அங்கே ஐந்து பேரின் தூக்கம் அவள் பொறுப்பில். அவள் மெக்கானிக் வேலை படித்தவள். இன்றைய பேச்சு:

"அக்கா, உங்க கொழுந்தன் பெட்டிக்குள்ளயும் கொறட்ட விடுதாகளா? கண்ணாடி கீறிறப் போவுது, பாத்துக்கிடுங்க."

பெட்டிக்குள் மூச்சே நிமிடத்துக்கு ஒன்றுதான், குறட்டைக்கு வழியில்லை என்றேன். அப்படியானால் கல்யாணம் ஆன நாளே பெட்டியில் போட்டிருக்கலாம் என்று சிரித்தாள்.

குளிர்நாள் 96. காலை 6:20. −61.

வெப்பக்கலம் நின்றது. மறுபடி எழவில்லை. பேட்டரியில் மூன்று பெட்டிகளுக்கு அறுபத்தைந்து மணி நேரம். யாரையும் எழுப்பவும் முடியாது. ஒருவரை எழுப்ப மூன்று நாள் மின்சாரம் வேண்டும், பாதியில் நின்றால் உயிர் போகும்.

ஜெனரேட்டரைத் திறந்தேன். நாற்பது முறை கயிற்றை இழுத்தேன். எழவில்லை. பொறி வருகிறது, பிளக் காய்ந்திருக்கிறது.

அதே நாள். மதியம் 12:15.

ஆவுடை: "பிளக்கு காஞ்சு கெடக்குன்னா பெட்ரோல் எறங்கல. கார்புரேட்டரக் கழத்துங்க. கடேசியா எப்பம் ஓட்டுனிய?"

மூடின அன்று, மருந்து ஊற்றிய பிறகு, பத்து நிமிடம் என்றேன்.

கழற்றினேன். உள்ளே பழுப்பாக, முறுகிப்போன வெல்லப்பாகு போல ஒட்டியிருந்தது. பெட்ரோல் வரும் ஊசித் துவாரம் முழுக்க அடைத்திருந்தது.

"மருந்து எறங்குன கார்புரேட்டரு இப்படி ஆவாதே அக்கா."

வேறு பேச்சுக்குப் போனேன். பதிவில் சொல்ல வேண்டும். அந்தப் பத்து நிமிடம் ஓட்டவே இல்லை. என் கணவர் ஓட்டச் சொன்னார். பூஜை போட்ட இயந்திரத்தை மறுநாள் வரை தொடக்கூடாது, காலையில் ஓட்டலாம் என்று நான் தடுத்தேன். கார்புரேட்டரை உன் சாமி வந்து கழுவுமா என்று கேட்டார். சிதம்பரம் என் பக்கம் நின்று, அதற்கும் இன்று லீவு விடுங்கள் அண்ணே என்று முடித்துவைத்தார். பட்டியலில் ஒரு வரி காலியாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. காலையில் ஓட்டத்தானே போகிறோம் என்று டிக் போட்டேன். காலையில் டிக்கைப் பார்த்தேன். முடிந்தது என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று ஆவுடை கேட்டாள். ஐந்து நாள் என்றேன்.

உண்மையைச் சொன்னால் யாருக்குப் போதாது என்று கேட்பாள். அதனால்தான்.

"அப்பம் அவசரமில்ல. தின்னர்ல ரெண்டு நாள் ஊறப் போடுங்க. ஊசி கீசி உட்டுக் குத்திராதிய, தொளை பெருசாயிரும்."

ஊறப் போட்டேன். தலைமை நிலையத்துக்கு நிலைமையை அனுப்பினேன்.

குளிர்நாள் 97. காலை 7:05. −63.

தலைமை நிலையம்: "மூன்று பெட்டிகளுக்கு மின்சாரம் போதாது. நாள் 98 நண்பகலுக்குள் ஒன்றை மூடவும். இரண்டு பெட்டிகள் நாள் 99 காலை வரை தாங்கும். பணித்தகுதி இல்லாதவர் முதலில். பெட்டி 3."

பெட்டி 3 என் மகள்.

எனக்கான மின்சாரத்தைக் கழிக்கலாமா என்று கேட்டேன். மாலையில் பதில்: "காவலுக்கு மின்சாரம் ஒதுக்கப்படவில்லை. கழிக்க எதுவும் இல்லை."

உண்மைதான். நான் மண்ணெண்ணெய் அடுப்பில்தான் இருக்கிறேன்.

குளிர்நாள் 98. காலை 11:50.

காலை பத்து மணிக்கு விளக்கின் முன் திருவுளச்சீட்டு போட்டேன். மூன்று பெயர், மூன்று சீட்டு. கண்ணை மூடி எடுத்தேன். வடிவு.

சரியாகக் குலுக்கவில்லை என்று மறுபடி போட்டேன். வடிவு.

மூன்றாம் முறை அவள் சீட்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, மீதி இரண்டைப் போட்டேன். சிதம்பரம்.

11:40. பெட்டி 2-இன் சுவிட்சை இறக்கினேன். தம்பி, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். கண்ணாடி உள்பக்கம் பனி பூத்தது. நான்கு நிமிடத்தில் இதயக் கோடு நேரானது. திருநீறு பூசினேன். அது அவர் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியெல்லாம் ஆகிவிட்டது. துடைத்தேன்.

அதே நாள். மதியம் 12:20.

ஆவுடை: "ஊறிட்டா அக்கா? இன்னும் ஒரு நா கெடக்கட்டும், பதனமா வரும். அவசரம்னா வயர்ல இருந்து செம்பு எழ ஒண்ணே ஒண்ண உருவித் தொளைக்குள்ள உட்டு இழுத்தாப் போதும். பத்து நிமிச வேல. தொளையும் பெருசாவாது. அஞ்சு நாளு இருக்கேன்னுதான் நா சொல்லல."

ரேடியோவை வைத்துவிட்டேன்.

அதே நாள். மதியம் 12:50.

செம்பு இழை ஒன்று. துவாரத்தின் வழியே வெளிச்சம் தெரிந்தது. மாட்டினேன். இரண்டாவது இழுப்பில் ஓடியது. 230 வோல்ட். சத்தம் சீராக இருக்கிறது. புகை வெள்ளை, பிறகு ஒன்றுமில்லை.

பெட்டி 2-க்கும் மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கொடுத்தேன். வீண் என்று தெரியும். கொடுத்தேன்.

குளிர்நாள் 99. மதியம் 12:25. −60.

ஜெனரேட்டர் பாதிச் சுமையில். பேட்டரி நிறைகிறது. பெட்டி 1 சரி. பெட்டி 3 சரி. இருக்கும் பெட்ரோல் இரண்டு பெட்டிகளுக்கு நாள் 214 வரை போதும். மூன்றுக்கும் போதுமானதாக இருந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டு முறை.

தலைமை நிலையம் காலையில்: "மூடச் சொன்னது பெட்டி 3. மூடப்பட்டது பெட்டி 2. விளக்கம் தேவை." இந்தப் பதிவுதான் விளக்கம். முழுக்க அனுப்புகிறேன், அடித்தல் திருத்தல் இல்லை. டிக் போட்டது நான். சீட்டை எடுத்தது நான். ஐந்து நாள் என்று சொன்னதும் நான்.

இன்று நண்பகலில் ஆவுடை, "ஓடுதா அக்கா? நாந்தான் சொன்னம்லா. அவுக மூணு பேரும் நல்லாருக்காகளா?" என்றாள்.

ஜெனரேட்டர் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன். இரண்டாவது முறையும் கேட்டாள். கேட்கவில்லை என்றேன். நாளைக்குக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாளை நிறுத்திவிட்டுத்தான் பேச வேண்டும். சொன்னால் அவள் அங்கே தனியாக இருக்கிறாள், ஐந்து சுவிட்சுகளோடு, இன்னும் நூற்றுப் பதினைந்து நாள். சொல்லாமல் விட்டால் அத்தனை நாளும் நண்பகல் வரும், அவள் கேட்பாள். நான் சொல்வதா, நீங்கள் சொல்வீர்களா, குளிர் முடியும் வரை சொல்லாமல் இருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கையேட்டில் இதற்கு எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

நாளை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ரேடியோ திறக்கும். அதற்கு முன் பதில் அனுப்புங்கள்.