உங்கள் குரல் கேட்டால்

நோத்ர-டாம்-த-கிரேஸ், மொன்ட்ரியால்
12.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே பனி, நான் சுகம். அங்கே வெயில், நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். போன ஞாயிறன்று தொலைபேசியைப் பாதியில் வைத்ததற்குக் கோபிக்காதீர்கள். சொல்லப் பயந்து மறைத்த ஒன்றை இதில் எழுதிவிடுகிறேன். வீட்டில் ஒரு நாய் வந்திருக்கிறது.

குட்டி இல்லை, ஆறேழு வயது இருக்கும். விலங்குக் காப்பகத்தில் இருந்து எடுத்தேன். என்ன இனம் என்று அவர்களுக்கே தெரியவில்லை, மூன்று நான்கு கலந்ததாம். பெயர் பத்தாத். பிரெஞ்சில் உருளைக்கிழங்கு. நிறமும் அப்படித்தான். முன்பு வளர்த்தவர் அடித்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆண்குரல் உயர்ந்தால் நடுங்குகிறது. நான் சமைத்தபடி உங்களோடு ஸ்பீக்கரில் கதைத்தேன் அல்லவா, நீங்கள் சத்தம் போட்டதும் குளியல் தொட்டிக்குள் பாய்ந்து பயத்தில் சிறுநீர் விட்டுவிட்டது.

அது பழகும்வரை, தொலைபேசியில் கூப்பிடாமல் கடிதம் எழுதுவீர்களா? வேலை முடிந்து இருட்டில் வரும்போது வீட்டுக்குள் ஓர் உயிர் இருப்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. உங்களை இங்கே கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் நல்லபடி போகிறது.

உங்கள் அன்பு மனைவி,
வினோஜா


கொக்குவில், இலங்கை
03.02.2025

என் செல்ல வினோஜாவுக்கு,

"இந்தக் காலத்திலை ஆரடா கடிதம் எழுதினம்?" என்று அம்மா சிரிக்கிறார். உனக்காக எழுதுகிறேன், பார்!

நாய் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. சின்ன வயதில் தெருநாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டவன் நான். இன்றைக்கும் நாயைக் கண்டால் வேறு ஒழுங்கையால்தான் போவேன். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒன்றோடு என்னை ஒரே வீட்டில் இருக்கச் சொல்கிறாயா?

சத்தம் போட்டேன் என்கிறாய். எத்தனை தரம் கூப்பிட்டும் நீ பதில் சொல்லாவிட்டால் கோபம் வராதா? நீ கலியாணத்துக்கு இங்கே வந்து நின்றபோது வான் வண்டிக்குள் நடந்ததையும் இன்னும் மனதில் வைத்திருக்கிறாய் போல. நான் கோபக்காரன்தான், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. உரிமை உள்ள இடத்தில்தானே கோபம் வரும்.

விசா வருவதற்குள் அதைக் கொண்டுபோய் விட்டுவிடு. நான் வந்து இறங்கும்போது அது அங்கே நின்றால், பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. பகிடிக்குச் சொல்லவில்லை. நீ நல்ல பிள்ளை, கேட்பாய். உனக்கு ஒரு சோடித் தோடு வாங்கி வைத்திருக்கிறேன்.

என்றும் உன்,
பிருந்தன்


மொன்ட்ரியால்
26.02.2025

பிருந்தனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். அடுத்த நாளே பத்தாத்தைக் காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். அது இழுக்கவில்லை, முனகவில்லை. வாசலில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

வரவேற்பு மேசையில் இருந்த யோசெப்பின் என்ற பெண், ஏன் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார்.

"கணவர் கோபிப்பார்," என்றேன்.

"இப்போது வீட்டில் இருக்கிறாரா?"

"இல்லை. இலங்கையில் இருக்கிறார்."

சொல்லி முடித்தபோதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். யோசெப்பின் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் அதில் அமர்ந்து அழுதுவிட்டு, பத்தாத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அன்று வான் வண்டிக்குள் நீங்கள் சத்தம் மட்டும் போடவில்லை. என் கையைப் பிடித்து முறுக்கினீர்கள். வீட்டில் கலியாணப் பந்தல்கூடப் பிரிக்கவில்லை. ஐந்து விரலும் பதிந்திருந்ததை அம்மா கண்டு கேட்டபோது, "காப்பு இறுக்கம் அம்மா," என்று சிரித்தபடி சொன்னேன். இப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுகிறார்.

ஸ்பொன்சர் விண்ணப்பத்தை நிறுத்தும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். சனம் என்ன கதைக்கும் என்று பயம்தான். இதை எழுதும்போதும் நடுவில் எழும்பிப் போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறீர்கள் என்று தெரிந்தும் பார்த்தேன். அங்கே இருக்கும்போதே இப்படி என்றால், இங்கே வந்தால் நான் உயிரோடு இருப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நீங்கள் வர வேண்டாம்.

வினோஜா