செல்லோடேப் சுற்றிய ஒயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாடிக்கு ஏறித் துணி காயப்போடாதே, அப்பாவை அனுப்பு.

அறையில் என்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் அக்காவின் ஹேர் ஸ்ட்ரெய்ட்னரைப் போன வாரம் கேட்காமல் எடுத்தேன். அலுவலகத்தில் போட்டோ எடுக்கும் நாள், அவ்வளவுதான் காரணம். கைப்பிடி அருகே ஒயர் விட்டுப்போனது. நீ இஸ்திரிப்பெட்டியைச் சரிசெய்வதைப் பார்த்து வளர்ந்தவள் அல்லவா, நானே பிரித்து, ஒயரை முறுக்கி, கையில் கிடைத்த செல்லோடேப்பைச் சுற்றி, சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நேற்று அக்கா அதைப் போட்டதும் தீய்ந்த வாடை வந்து, பட்டென்று அணைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

"பழசுடி, என்னை மாதிரியே ஓய்ஞ்சு போச்சு. உங்க அம்மாதான் ரிப்பேர் ராணியாச்சே, கொஞ்சம் பிரிச்சுப் பாரேன்" என்று சிரித்தபடி என்னிடமே நீட்டினார்.

அவர் முன்னாலேயே பிரித்தேன். உள்ளே டேப் உருகி ஒட்டியிருந்தது.

அக்கா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எடுத்தது போகட்டும். சொல்லியிருந்தா நான் பிளக்கையே தொட்டிருக்க மாட்டேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

இஸ்திரிப்பெட்டி ஒயருக்கு நீ மாட்டுவாயே, சூடு தாங்கும் உறை, அதில் ஒரு துண்டு அனுப்பு. எப்படி மாட்டுவது என்றும் எழுது. அதைக் காட்டும் சாக்கிலாவது அக்காவிடம் பேச வேண்டும். சாப்பிட்டாயா என்று இங்கே என்னைக் கேட்பவர் அவர் ஒருவர்தான்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லாதே, உன்னிடம் சொல்லவே கூசுகிறது.

உன் மகள்