இன்று மட்டும் தள்ளியிருக்கிறேன்

லதுஷா,

நீ வரும் நேரம் பார்த்து அப்பா கோபத்தில் போய்விட்டார் என்று நினைக்காதே. நேற்று இருதயத்தைப் படமெடுக்க எனக்குக் கதிர்வீச்சு மருந்து ஏற்றினார்கள். "நாளைக்கு முழுக்க வயித்துப் பிள்ளைக்காரங்க பக்கத்துல போயிராதீங்க, ஐயா" என்று தாதி சொன்னா. அதனால் கட்டுகஸ்தோட்டையில் சித்தப்பா வீட்டில் நிற்கிறேன்.

பிள்ளை, திரையில் என் இருதயத்தைக் கண்டேன்! இரத்தம் ஓடும் இடமெல்லாம் தணலாக ஒளிர்ந்தது. ஒரு மூலை மட்டும் இருட்டு. அதற்கு வைத்தியம் இருக்காம். அறுபத்தெட்டு வருடமாக ஓய்வே இல்லாமல் துடித்திருக்கிறது! உன் வயிற்றிலும் ஒன்று இப்படித் துடிக்கிறது என்று நினைத்தேன்.

மீன்குழம்பு அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. அம்மா இரண்டு மணிக்கு வருவா.

அப்பா

பி.கு.: உன் கல்யாணத்துக்கு வராதது என் பிழை. நாளைக் காலை வாறன். மருமகனையும் நிற்கச் சொல்லு.