மூன்று இறக்கைக்கு எடுத்த அளவு

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும், வேளைக்குச் சாப்பிடு, உதிரிபாகக் கடையில் இரும்புத்தூள் பறக்கும் பக்கம் மூக்கை மூடாமல் நிற்காதே. பெரியப்பா முன்னறையில் தூங்குகிறார், போன் அவர் தலையணைக்கு அடியில், அதனால்தான் கடிதம். தையல் மேசைக்கு அடியில் டார்ச் வைத்துக்கொண்டு குட்டி எழுதுகிறாள், எழுத்து கோணினால் கேலி செய்யாதே.

இதற்குள் பெரியப்பா உனக்குப் போன் செய்து எட்டே முக்கால் இஞ்சில் ப்ரொப்பெல்லர் கேட்டிருப்பார். அது தப்பு என்று நம் என்ஜினைத் தெரிந்த உனக்கு உடனே தெரிந்திருக்கும், நல்ல மனசோடு சரியானதை அனுப்பிவைப்பாய். அப்படிச் செய்யாதே என்று சொல்லத்தான் இதை எழுதச் சொன்னேன். அப்பா போனபிறகு படகை "நான் பாத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டவர், முனையிலிருந்து என்ஜின் கால், ப்ரொப்பெல்லர் வரை பச்சை பெயிண்ட் அடித்துத் தன்னுடையதாகவே ஆக்கிக்கொண்டது உனக்குத் தெரியும். போன வாரம் பாலத்துக்குக் கீழே பாறையில் ஏற்றி ப்ரொப்பெல்லரில் ஒரு இறக்கையை வேரோடு முறித்துவிட்டார். மிச்சம் இரண்டு. என் கழுத்தில் கிடந்த தையல் டேப்பை உருவிக்கொண்டு போய் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் பிடித்துப் பார்த்து எட்டே முக்கால் என்றார். குட்டி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், பெயிண்டைச் சுரண்டினால் நடுவில் நம்பர் இருக்கும் பெரியப்பா என்று சொல்லிவிட்டாள். "ஓ, பள்ளிக்கூடத்துல இப்ப ப்ரொப்பெல்லர் பாடமா? நாளையிலேருந்து அங்க போக வேணாம், படகுல தண்ணி இறைக்க ஆள் இல்லாம நான் அல்லாடறேன்" என்று சொல்லி, புத்தகப் பையைப் படகின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து குழந்தை வீட்டில் கிடக்கிறாள். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். "பொண்ணுக்கு நான் வேலை குடுக்கறேன், நீ அழற" என்றார்.

நான் அழுதேன், ஆனால் அளவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வட்டமான பீப்பாய்க்கு அளவெடுத்து உறை தைக்கிறவளுக்கு இது தெரியாதா. மூன்று இறக்கையில் ஒன்றுக்கு நேர் எதிரே இன்னொன்று இருக்காது, நுனிக்கு நுனி பிடித்தால் அளவு குறைந்துதான் வரும், நடுவிலிருந்து ஒரு நுனிவரை பிடித்து இரண்டு மடங்காக்க வேண்டும். அவர் குளிக்கப் போனபோது பிடித்துப் பார்த்தேன், ஐந்து இஞ்ச், ஆகப் பத்து. குட்டியும் ஊசியால் சுரண்டிப் பார்த்தாள், பத்து, பதினொன்று என்று இருந்ததாம், பின்னது ஒரு சுற்றுக்குப் படகைத் தள்ளும் தூரம் என்று அப்பா சொல்வாரே, அது. சுரண்டின இடத்தில் பச்சை மை தடவிவிட்டு வந்தாள் கள்ளி.

அவர் கேட்டதையே அவருக்கு அனுப்பு. சின்ன ப்ரொப்பெல்லர் போட்டால் என்ஜின் ஊரைக் கூட்டும், படகு நகராது, நின்ற இடத்தில் தண்ணீரைக் கடைந்துகொண்டிருக்கும். அதை மாட்டி அவர் ஓட்டிக் காட்டும் அன்றைக்குத்தான் ஐஸ் கம்பெனி முதலாளி பெட்டி ஏற்றும் வேலைக்குப் படகு பார்க்க வருகிறார், துறை முழுக்க ஆள் இருக்கும். நான் முன்வரிசையில் நின்று அந்த முகத்தைப் பார்க்கவேண்டும், எரிகிற என் வயிறு அப்போதுதான் குளிரும். பந்தயத்தில் கடைசியாக வந்த சைக்கிளை அன்றைக்கே முகம் தெரியாத ஆளுக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவர், அவமானப்பட்ட பொருளை மறுபடி தொடமாட்டார். "எடுத்துத் தொலைங்க" என்று படகை நம் வாசலில் தள்ளுவார், பார். அதன்பிறகு போட, சரியான பத்தையும் சேர்த்தே வாங்கிவை, அதைப் பட்டன் கடை அக்கா பெயருக்கு அனுப்பு, இரண்டையும் ஒரே பார்சலில் போட்டுத் தொலைத்துவிடாதே. நீ நன்றாக இருக்கவேண்டும், உன் கைக்கு எந்த இரும்பும் காயம் செய்யக்கூடாது, இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

அண்ணா, இனிமேல் எழுதுவது நான். அம்மா படுத்துவிட்டாள். அம்மா யோசிக்காத ஒன்று இருக்கிறது, அன்றைக்குத் தண்ணீர் இறைக்கப் படகில் இருக்கப்போவது நான்தான். பாலத் தூண் பக்கம் ஆறு எப்படி இழுக்கும் என்று உனக்குத் தெரியும். சொன்னால் அம்மா வேண்டாம் என்றுவிடுவாள், அதனால் சொல்லவில்லை. இப்போது முன்னறையில் இருமல் கேட்டது, டார்ச்சை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயம்தான் அண்ணா. ஆனால் அப்பாவின் துடுப்பு இரண்டையும் படகின் அடிப்பலகைக்குக் கீழே சொருகிவைத்துவிட்டேன், அது அவருக்குத் தெரியாது, துடுப்புப் போடவும் தெரியாது. நடு ஆற்றில் என்ஜின் கத்தும்போது ஏதாவது செய் என்று என்னைத்தான் பார்ப்பார். பின்பெட்டியைத் திறந்து என் பையை என் மடியில் வைத்தால்தான் பலகையைத் தூக்கித் துடுப்பை எடுப்பேன். நீ எட்டே முக்காலையே அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா, அம்மாவுக்காகவும் தனக்காகவும் குட்டி