கழுத்துப்பிடிக்குள் பேசியது

கோல்ட்வெல், டென்னசி
12 மார்ச் 1984

அன்புள்ள ட்ரூடி,

சனிக்கிழமை மருந்துக்கடையில் உன்னிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அந்த மோதிரம் உன் விரலுக்கு மிகவும் பொருத்தம். ராய் நல்லவன் என்று போன கோடையில் நீ எழுதியபோதே நம்பினேன். கல்யாணத்தன்று உன் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை.

கையில் சோப்பை வைத்துக்கொண்டு பற்பசை அலமாரியைப் பார்த்தபடி நின்றேன். திருமதி ஹாட்ச்சர் உன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கட்டும் என்றே, "அங்க நிக்குது பாரு, கரடி பெத்தது. உங்கப்பா மண்டையை உடைச்சவனோட பொண்ணு. அந்த நாத்தம் சோப்பு போட்டா போயிடுமா?" என்றார். நீ முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாய். சரியாகத்தான் செய்தாய். தெருவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு வந்து சேரும் முன் அது போய்விட்டது.

அப்பாவிடம் உன் கல்யாணத்துக்குப் போகும் பேச்சை மெதுவாக எடுத்தேன். ஊருக்குள் 'செங்கரடி' என்ற மல்யுத்த வில்லன் வேஷத்தில், ருஷ்யக்காரன்போலத் தட்டுத்தடுமாறிப் பேசிவிட்டு, வாசலில் பூட்ஸைக் கழற்றியதும் கார்ல் ப்ரூயிட் ஆகிவிடுகிற மனிதர் அவர். சோள ரொட்டியைப் பிட்டு பீன்ஸில் தோய்த்தபடியே உன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்: "ஹாங்க் எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி, கண்ணு. ஆனா சனிக்கிழமை நாற்காலியால அவனை அடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல கேக் தின்னேன்னு வை, அடுத்த சனிக்கிழமை எவன் டிக்கெட் வாங்குவான்? நாங்க ஒரே கார்லகூட ஏறினதில்ல."

அவர்கள் இருவரும் ஊர் நடுவே பேசிக்கொள்ள முடிகிற ஒரே இடம் அந்த மேடைதான், ட்ரூடி. அப்பா கழுத்துப்பிடி போட்டு உன் அப்பாவின் காதருகே குனிவார். கூட்டம் கொலை விழுந்ததுபோல அலறும். அவர் கேட்டுக்கொண்டிருப்பது, முட்டி வலிக்கு அந்தத் தைலம் கேட்டதா என்று. நமக்கு அந்த வசதியும் இல்லை. வருடத்தில் ஒரு வாரம் இரண்டு குடும்பமும் யாருக்கும் தெரியாமல் தங்குகிற அந்த ஏரிக்கரை வீடு, மீதி நாளெல்லாம் கடிதம்.

உன்,
ரோவீனா

*

6 ஏப்ரல் 1984

ரோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கல்யாண உடையின் விளிம்பைக் கோணலாகத் தைத்துவிட்டேன். அம்மா திட்டினாள். பழி உன்மேல்தான்.

அடுத்ததை அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படி, படித்ததும் உள்ளே போட்டுவிடு. அப்பாவை நியூயார்க்கிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். இதுவரை வட்டாரத்துக்கு ஒரு மல்யுத்த முதலாளி, ஒருவன் எல்லைக்குள் இன்னொருவன் கால் வைக்க மாட்டான். இந்த நியூயார்க் முதலாளிக்கு எல்லையே கிடையாதாம். நாடு முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சி, கேபிள் டிவியில். ஒவ்வொரு ஊரிலும் ஜனங்கள் யாரைக் கொண்டாடுகிறார்களோ அவனைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

மே ஐந்தாம் தேதி உன் அப்பாவோடு நடக்கும் போட்டிக்கு முன்பே கிளம்பி வர வேண்டும், இங்கே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நிபந்தனை. "ஊரை விட்டுப் போறவன் இருக்கிறவன்கிட்ட தோத்துட்டுப் போறதுதானே வழக்கம்?" என்று அப்பா கேட்டாராம். மறுமுனையில் சிரித்துவிட்டு, "ஒரு கரடிகிட்ட தோத்துட்டு வர்றவனை வச்சு நாங்க என்ன பண்றது?" என்றார்களாம்.

அன்றிலிருந்து அப்பா கொல்லையில் வேலியைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார். உன் அப்பாவிடம் சொல்லிவிடாதே. என்னையும் சொல்லாதே என்றுதான் கேட்டுக்கொண்டார். உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ட்ரூடி

*

15 ஏப்ரல் 1984

அன்புள்ள ட்ரூடி,

கடிதத்தை எரித்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

வேறு செய்தி எழுதுகிறேன். இங்கே மழை. நூலகத்தில் எனக்கு மாலை வேலை கிடைத்திருக்கிறது. அங்கே என்னிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை, நானும் நிறையப் படிக்கிறேன். அப்பா தன் பூட்ஸுக்குப் புது அடி தைக்கக் கொடுத்திருக்கிறார்.

ஹாங்க் மாமாவை நியூயார்க்கில் கேட்கிறார்கள் என்ற வதந்தி அப்பா காதுக்கும் எட்டியிருக்கிறது. அதில் அவருக்குக் கோபமில்லை, சந்தோஷம்தான். "நாப்பத்தாறு வயசுக் கரடியை எவன் கூப்பிடப் போறான்? அவனாவது போகட்டும். போறப்ப என்கிட்ட தோத்துப் படுத்துட்டுத்தான் போவான், அவன் அப்படிப்பட்ட ஆளு. ஹாங்க் டாலிவரை மூணு எண்ணுற வரைக்கும் அமுக்கி வச்சவன்னு பேர் வந்துட்டா, இந்த மலைப்பக்கத்துல எந்த ஊர்லயும் எனக்கு வேலை இருக்கும்" என்றார்.

மாமா சொல்லாமல் போய்விட்டால், எதிரியே இல்லாத கரடி அப்பா. வெறும் கரடியைப் பார்க்க யார் வருவார்கள்? இதை அவர் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

உன்னிடம் நான் எதையும் கேட்கவில்லை. மாமா எப்படிப் போனாலும் நீ எனக்கு எழுது.

உன்,
ரோவீனா

*

8 மே 1984

ரோ,

சனிக்கிழமை நீ மேல்வரிசை மூலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாய். அப்பா அங்கே வந்து நிற்பார் என்று எனக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தோம். பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை போய்க்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

மேடையில் நடந்ததை நீயே பார்த்தாய். நீ கேட்காததை நான் சொல்கிறேன். கடைசிக் கழுத்துப்பிடியில் உன் அப்பா, "ஹாங்க், நீ போயிட்டேன்னு காலையில சொன்னாங்களேடா" என்றாராம். அப்பா, "பேசாம அமுக்குடா கார்ல், நல்லா எல்லாருக்கும் தெரியற மாதிரி" என்றிருக்கிறார். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் உன் அப்பா அவர் காதில் சொன்னது: "ட்ரூடிகிட்ட சொல்லு. சர்ச்சுல நான் இல்லாட்டியும் இருக்கேன்னு." காரில் வரும்போது அப்பா இதைச் சொல்லிவிட்டு, வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

நியூயார்க்கில் கோபம். பேசிய பணத்தைக் குறைத்துவிட்டார்கள். "தோக்கறதுக்கு அவ்வளவு ஆசையா? இங்கயும் வாரா வாரம் தோக்கட்டும்" என்றார்களாம். அப்பாவுக்கு வருத்தமில்லை, அம்மாவுக்கு இருக்கிறது.

இப்போது கஷ்டமான ஒன்று. கல்யாணம் ஜூன் மூன்று. உன் அப்பா இப்போது ஹாங்க் டாலிவரையே வென்ற கரடி. நீ என் பக்கத்தில் வந்து நின்றால் என் அப்பா தரையில் கிடந்ததற்கு அர்த்தமில்லாமல் போய்விடும். வராதே, ரோ. இதை எழுத எனக்கு மூன்று தாள் வீணாயிற்று.

என் இடப்பக்கத்தில் வேறு யாரையும் நிறுத்த மாட்டேன். படம் அனுப்புகிறேன், யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்.

ட்ரூடி

*

14 அக்டோபர் 1985

அன்புள்ள ட்ரூடி,

குழந்தைக்குப் பல் முளைத்த செய்தி கிடைத்தது. அப்பா அதைத் தபால்காரரிடம்கூடச் சொல்லிவிட்டார், ருஷ்யக்காரனாக இல்லாமல் நம் ஊர்ப் பேச்சிலேயே. தபால்காரர் ஆச்சரியப்படவில்லை.

அந்த வெற்றி கிறிஸ்துமஸ் வரை கைகொடுத்தது. உண்மையாகவே கொடுத்தது, மாமாவிடம் சொல். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள், கல் எறிந்தார்கள், அப்பா சந்தோஷமாக இருந்தார். பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்தது. நியூயார்க் நிகழ்ச்சியின் விளக்கையும் இசையையும் பார்த்த பிள்ளைகளுக்கு நம் மேடை சின்னதாகத் தெரிந்தது. மார்ச்சில் முதலாளி கடையைக் கட்டிவிட்டார். அந்த அரங்கில் இப்போது பழைய மரச்சாமான் விற்கிறார்கள். அப்பா மாட்டுத்தீவன ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.

சனிக்கிழமைதோறும் மாமா தோற்பதைத் தவறாமல் பார்க்கிறார். யாராவது மாமாவின் கழுத்தைப் பிடித்ததும் எழுந்துபோய் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறார். ஏன் என்று கேட்டேன். "என்ன பேசிக்கறாங்கன்னு கேக்குதான்னு பாக்கறேன்" என்றார்.

உன் கல்யாணப் படம் இவ்வளவு நாளும் என் அலமாரியில், தடித்த அகராதிக்குள் இருந்தது. போன வாரம் எடுத்து முன்னறையில் மாட்டினேன். உன் இடப்பக்கத்தில் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான் இருக்கிறது.

நேற்று திருமதி ஹாட்ச்சர் சர்ச்சுக்குப் பழைய துணி சேர்க்க வந்தார். மூட்டையைக் கட்டும்போது படத்தைப் பார்த்துவிட்டார்.

"இது ஹாங்க் டாலிவர் பொண்ணுல்ல? உனக்குப் பழக்கமா?"

"என் சிநேகிதி" என்றேன்.

"நல்ல பொண்ணு" என்றார். அப்பா மேடைக்குப் போர்த்திக்கொண்டு போன சிவப்புச் சால்வையை மூட்டையில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

உன்,
ரோவீனா