சிப் கரன்ட் தருவதில்லை

போன வாரம் திருச்சுழி இ-சேவை மையத்தில் ஒரு பட்டா நகலுக்காகக் காத்திருந்தேன். கரன்ட் போய், திரும்ப வந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் மேசைக்கு அடியில் குனிந்து பழைய கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் வேறொன்றும் இல்லை. பிறகு ஒரே ஒரு சின்ன பீப்.

"எல்லாரும் வந்தாச்சு" என்று என் வாய் தானாகச் சொன்னது. "இன்னும் ரெண்டு பேரு வெளிய நிக்காக சார்" என்றாள் அவள்.

அது உன் வாசகம். அருப்புக்கோட்டையில் உன் கம்ப்யூட்டர் கடையில் நீ மாட்டிய ஒவ்வொரு மெஷினும் அந்தச் சத்தம் போட்டதும் நீ அப்படித்தான் சொல்வாய், ஸ்க்ரூ டிரைவரால் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு. மீசைக்கு மை அடித்த கையோடு மதர்போர்டைத் தொடாதே என்று நான் கிண்டல் செய்தால், "ஏலே, டிப்ளமோ படிச்சவன் மீசை அப்படித்தான் இருக்கும்" என்பாய். அடக்கம் என்பது உன் பக்கமே வந்ததில்லை. எனக்கு உன்னிடம் பிடித்தது அதுதான்.

ஒரு தடவை எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்புக்கு, கம்ப்யூட்டர் எப்படி விழிக்கிறது என்று எளிமையாக ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். உன் கடையில் வந்து உட்கார்ந்தேன். நீ ஒரு போர்டைத் திருப்பி, நகத்தளவு இருந்த சிப்பைக் காட்டினாய்.

"நூறு நாள் வேலையில கம்மாய்க் கரையில ஆளுகள எண்ணி வேலை பிரிச்சு விட மேட்டு நிப்பாருல்ல, அவருதான் இவரு. இந்தக் கோடு கோடா ஓடுதே, இதுதான் பஸ். ஒவ்வொரு பாகத்துக்கும் இது வழியாத்தான் போகணும். இந்தச் சிப்புல எழுதியிருக்கிறத பிராசசர் வரிசையாப் படிக்கும். படிச்சு, ஒவ்வொரு ஸ்லாட்டா இந்தப் பாதையில போயி, யாரு இருக்கீகன்னு கேக்கும். பதில் சொன்னவுகளுக்கு, இந்த எடம் உனக்கு, அந்த எடம் உனக்குன்னு மேட்டு குழி அளந்து விடுற மாதிரி ஆளுக்கு ஒரு முகவரி. பதில் வரலையா, அங்க ஆளு இல்லைன்னு அடுத்ததுக்குப் போயிரும்."

"அப்ப கரன்ட்டும் அதுதான குடுக்குது?"

"மேட்டா சோறு போடுறாரு? தூக்குச்சட்டி அவுகவுக வீட்டுலருந்து வருது. கரன்ட் பவர் சப்ளையிலருந்து எல்லாருக்கும் தனியா வந்துரும். இது கேக்க மட்டுந்தான் செய்யும், மாப்ள."

குறிப்பில் இதைச் சரியாகத்தான் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எழுதும்போது நீளமாகத் தெரிந்தது. படிப்பவருக்குப் புரிய வேண்டுமே என்று சுருக்கினேன். "அந்தச் சிப்தான் பஸ்கள் வழியாக ஒவ்வொரு பாகத்துக்கும் கரன்ட் அனுப்பி எழுப்புகிறது" என்று எழுதி, இரண்டு பக்கமும் மேற்கோள் குறி போட்டு, உன் பெயரையும் கடையின் பெயரையும் சேர்த்தேன். அது நீ சொன்னது இல்லை. நான் உன் வாயில் வைத்தது.

திங்கட்கிழமையே உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரன், வாடிக்கையாளர்கள் இருக்கும்போதே, "என்னண்ணே, சிப்புலருந்து கரன்ட் வருதாமே, நம்ம கடைக்கும் ஒரு வயரு இழுத்து விடுங்க" என்றான். நீ என்னைக் கூப்பிட்டாய். கோபமாக இல்லை. ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் ஹார்டுவேர் பாடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், நீ மனுப் போட்டிருக்கிறாய், நேர்காணலுக்கு முன்னால் ரெண்டு வரி திருத்தம் போட்டால் நல்லது என்றாய். கடையை மகன் கையில் விட்டுவிட்டு வகுப்பறையில் நிற்க வேண்டும் என்பது உன் வெகுநாள் ஆசை. அது எனக்குத் தெரியும்.

"போட்ருவோம்" என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். என் பெயரில் ஒரு திருத்தம்கூட வந்ததில்லை என்று மற்ற நிருபர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்தப் பெருமைதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

நேர்காணல் முடிந்த மறுநாள் டீக்கடையில் நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். "அந்தப் பேப்பரைக் கத்தரிச்சு வச்சிருக்காக மாப்ள. இது நீங்க சொன்னதான்னு கேட்டாக. ஆமான்னுட்டேன்."

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நீ இப்ப கம்மாய் ஆக்கிரமிப்ப எழுதிக்கிட்டு இருக்க. அந்த ஊருச் சனங்க உன்ன நம்பிப் பேரு குடுத்திருக்காக. அடுத்தவன் சொல்லாததச் சொன்னதா இவன் எழுதுவான்னு நானே போயி சொன்னா, கம்மாய்க்காரவுக சொன்னதும் இவன் கட்டுனதுதாம்பானுக. எனக்குக் கடை இருக்கு. அவுகளுக்கு என்ன இருக்கு?"

டீ ஆறிப்போனது. நீ வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

அந்த வேலை உனக்குக் கிடைக்கவில்லை. கம்மாய்ச் செய்தி முடிந்து, அதிகாரிகள் வந்து கம்மாயை அளந்து எல்லைக் கல் நட்டார்கள். அதன் பிறகாவது அந்த ரெண்டு வரியை நான் போட்டிருக்கலாம். யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. ஆனால் நீ அதற்கு அப்புறம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காததை மறந்துவிட்டதாக எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. போன மாசியில் பாலவனத்தத்துக்கு ஒரு மெஷின் மாட்டப் போன இடத்தில் நெஞ்சு வலித்து உட்கார்ந்தவன் எழவில்லை. உன் மறைவுச் செய்தியை நான்தான் எழுதினேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. மகனிடம் மூன்று தடவை சரிபார்த்தேன்.

இப்போது யார் எது சொன்னாலும், எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டாமல் நோட்டை மூடுவதில்லை. எம்.ரெட்டியபட்டியில் ஒரு பருத்தி விவசாயி, "எத்தன தடவதான் கேப்பீக, நான் என்ன கோர்ட்டுலயா நிக்கேன்" என்று சலித்துக்கொண்டார். சலித்துக்கொள்ளட்டும் என்று இன்னொரு தடவை வாசித்தேன்.

உனக்கான ரெண்டு வரி இது. பத்திரிகையில் போடுகிற அதே நடையில் எழுதியிருக்கிறேன். ஞாயிறு இணைப்புக்கும் அனுப்பியாயிற்று. திருத்தம்: கம்ப்யூட்டரை விழிக்க வைக்கும் சிப் எந்தப் பாகத்துக்கும் கரன்ட் அனுப்புவதில்லை, யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, இருப்பவருக்கு இடம் ஒதுக்க மட்டுமே வழி சொல்கிறது. முன்பு வந்த கட்டுரையில் இருந்த தவறான வாசகம் செய்தியாளருடையது. கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை.

இந்த மடலிலும் நீ பேசுவதாகப் பல வரிகள் எழுதியிருக்கிறேன். மேட்டைப் பற்றிச் சொன்னது, அவுகளுக்கு என்ன இருக்கு என்றது, எல்லாம் மேற்கோள் குறிக்குள் இருக்கின்றன. இதைத்தானே சொன்னாய் என்று உன்னிடம் வாசித்துக் காட்ட முடியவில்லை.