காலணாவுக்கு விற்ற பிள்ளை

தாராவி, பம்பாய்
பங்குனி, 1944

சிரஞ்சீவி கணேசபாண்டியனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாளும் முருகம்மாளும் பிள்ளையும் சுகம், இந்தத் தடவை அதில் பொய் கலக்கவில்லை. நீ இருக்கும் இடத்தின் பெயரைப் பட்டாளத்தார் எழுத விடமாட்டார்கள், எந்த இடமானாலும் அம்மன் உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் கோபமான கடிதம் வந்தது. பிள்ளையின் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் ஓட்டைக் காலணா கட்டியிருப்பதாக உன் பெண்டாட்டி முருகம்மாள் விளையாட்டாக எழுதப்போக, நீ, “நான் பட்டாளத்தில் லாரி ஓட்டிச் சம்பாதித்து அனுப்பியும் பேரனுக்கு ஒரு வெள்ளி அரைஞாண் போட உங்களுக்கு மனசில்லையா, என் மகன் என்ன பிச்சைக்காரன் பிள்ளையா” என்று கேட்டிருக்கிறாய். கேட்க உனக்கு உரிமை உண்டு. பாதியைத் தெரிந்துகொண்டு முழுசாகக் குதிக்கிற குணம் என்னிடமிருந்து உனக்கு வந்ததுதான், அதனால் நான் கோபித்துக்கொள்ளவில்லை.

முதலில் வெள்ளியைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபடி ரூபாய்களை எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போனேன். அவர் உரசிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, ராஜா தலை இருக்கிறதே தவிர இதில் பாதிதான் வெள்ளி, உருக்கிப் போட்டால் பிள்ளையின் வேர்வையில் கறுத்துப்போகும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சண்டை வந்ததிலிருந்து எந்தக் காசுதான் பழைய காசாக இருக்கிறது. ராணி தலை ரூபாயைச் செல்லாதென்று சர்க்கார் வாங்கிக்கொண்டது, அணாவெல்லாம் பித்தளையாக மஞ்சளித்துவிட்டது. விமானக் குண்டுக்குப் பயந்து விளக்கை மூடிவைத்து ஓடும் டிராமில் டிக்கெட் கொடுக்கும்போது நான் காசை விரலால் தடவித்தான் இன்னதென்று கண்டுபிடிக்கிறேன். காலணா ஒன்றுதான் ஏமாற்றுவதில்லை. செம்பு யுத்தத்துக்கு வேண்டுமென்று நடுவைத் தோண்டி எடுத்துவிட்டார்கள், விரல் வைத்ததும் ஓட்டை தெரியும். தோண்டின செம்பெல்லாம் தோட்டாவாகி நீ இருக்கும் பக்கம்தான் வந்திருக்கும் என்பாள் உன் அம்மாள்.

இனி உனக்கு எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன், பதறாமல் படி, எல்லாம் முடிந்துபோன விஷயம். பிள்ளை மாசம் நிறையாமல் பிறந்தான். ஒரு கையில் அடங்கிப்போவான். முருகம்மாளுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது, டின் பாலுக்கு நான் மாட்டுங்கா வரைக்கும் கடை கடையாக அலைந்தும் கிடைக்கவில்லை. தேறுவது கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். உனக்கு எழுதப் பேனாவை எடுத்தேன். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவன் கையில் இந்தச் செய்தியைக் கொடுக்கக்கூடாது என்று மூடி வைத்துவிட்டேன். அது என் தீர்மானம், அம்மாளைக் குற்றம் சொல்லாதே.

அப்போதுதான் சைனப் வந்தாள். தோல் கிடங்கில் வேலை பார்க்கிற கரீம் பாட்சாவின் வீட்டுக்காரி, நீ போன பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர்கள், நம் ஊர்ப் பக்கத்து மேலப்பாளையத்துக்காரர்கள். அவளிடம் ஓர் ஆடு உண்டு. யாரும் கேட்காமலே விடிந்ததும் பால் கறந்து, தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்து, துணித் திரியில் நனைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். தன் பிள்ளைகளுக்கு அதில் மிச்சம் வைத்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்படியும் ஒருநாள் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் நீலம் பாரித்துக் கிடந்தான். உன் அம்மாள் அவனை வாரியெடுத்துப் போய் சைனப் மடியில் போட்டு, எங்கள் கைராசி சரியில்லை, இவனை நீ விலைக்கு வாங்கிக்கொள் என்றாள். தங்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்று, பெற்றவர்களுக்கு உரிமையில்லை என்று ஆக்கிவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான் என்பது நம் பக்கத்து வழக்கம்தானே. இந்த ரேஷன் காலத்தில் தவிட்டுக்கு எங்கே போவது. சைனப் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், ஓர் ஓட்டைக் காலணாதான் இருந்தது. அவர்கள் மார்க்கத்தில் இதெல்லாம் உண்டோ இல்லையோ, ஒரு வார்த்தை தர்க்கம் பண்ணாமல் அதை உன் அம்மாள் கையில் வைத்து, “இனிமே இவன் எம்புள்ளக்கா, என்னக் கேக்காம யாரும் கொண்டுபோவ முடியாது” என்றாள்.

ஆசாரி வேண்டியிருக்கவில்லை, வளையம் வேண்டியிருக்கவில்லை, உன் அம்மாள் அந்த ஓட்டையிலேயே கயிற்றைக் கோத்து அப்போதே கட்டிவிட்டாள். இந்த யுத்தம் நமக்குச் செய்த ஒரே உபகாரம் அந்த ஓட்டைதான். அன்று சாயங்காலம் பிள்ளை அழுதான், சந்து முழுக்கக் கேட்டது. கரீம் பாட்சா வேலையிலிருந்து வந்தவர் உள்ளே போகாமல் நம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. இப்போது குப்புற விழுந்து எச்சில் வடியச் சிரிக்கிறான், சந்தில் அவனுக்குப் பெயரே காலணா. நன்றி சொல்லப் போனால், என் பிள்ளைக்கு நான் பால் கொடுத்ததற்கு நீங்கள் யார் நன்றி சொல்ல என்று சைனப் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நினைத்து டிராமில் நிற்கும்போதுகூடக் கை கூப்பத் தோன்றுகிறது.

விற்ற பிள்ளையைப் பெற்றவன்தான் மீட்க வேண்டும், நான் மீட்கமாட்டேன். நீ முழுசாக வந்து, சைனபுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, உன் பிள்ளையை வாங்கிக்கொள். பிறகு வெள்ளியோ தங்கமோ போடு. அதுவரை அந்தக் காலணாவை யாரும் அவிழ்க்கப்போவதில்லை.

மலேரியாவுக்குத் தரும் கொய்னா மாத்திரையைக் கசக்கிறதென்று துப்பாதே. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மேலதிகாரி திட்டினாலும் லாரியை ஓரம் கட்டு. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், நாங்கள் எல்லோரும் கும்பிடுவது அது ஒன்றைத்தான்.

மறக்காமல் ஒன்று செய். இறுகிப்போனதால் பிள்ளைக்கு வேறு கயிறு மாற்றிக் காலணாவை அதில் கோத்துவிட்டோம், பழைய கயிற்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு முடிச்சு இருக்கும். முதல் முடிச்சின் அளவுக்கு அதை உன் புஜத்தில் கட்டிப் பார், கச்சிதமாகப் பிடிக்கும். விற்ற அன்று உன் மகனின் இடுப்பு அவ்வளவுதான். பிறகு, அவன் வளர்ந்ததும் தளர்த்திப் போட்ட இரண்டாவது முடிச்சின் அளவுக்குக் கட்டிப் பார். கழன்று கீழே விழும், விழட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தளவாய்